பன்னிரண்டு கண்ணாடிகளும் ஒரு பிடி சாம்பலும்

பாயில் பன்னிரண்டு நீச்சல் கண்ணாடிகளும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. காலை வெயில் மட்டக்களப்பு வாவியின் மேலாகச் சரிந்து வந்து அவற்றில் பட்டு மின்னியது. பெட்டியிலிருந்து புதிதாக எடுத்தபோதுகூட அவை இப்படி மின்னவில்லை.

"எல்லாத்தையும் நல்லாக் கழுவி வெச்சிரிக்கம் டீச்சர்," என்றாள் கமலா. அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் தலையாட்டினார்கள். எல்லோர் முகத்திலும் பெருமை.

ஒன்றை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனேன். சாம்பல் மணத்தது. அதற்குப் பின்னால் பழப்புளி மணத்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, குனிந்து முகத்தை உள்ளே வைத்தேன். ஐந்தாறு நொடிகள்தான். முழுக்க வெள்ளையாகிவிட்டது. முகத்துக்கு நேரே நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவதை மாட்டினேன். மூன்றாவதை மாட்டினேன். பன்னிரண்டும் அப்படித்தான்.

என்ன போட்டுத் தேய்த்தீர்கள் என்று கேட்டேன். அடுப்புச் சாம்பலும் தேங்காய்த் தும்பும் என்றார்கள். உள்ளேயுமா என்று கேட்டேன். உள்ளேதான் அதிகம் தேய்த்தார்களாம். பிறகு பழப்புளி போட்டு ஒரு தரம், சவர்க்காரம் போட்டு ஒரு தரம். கோயில் குத்துவிளக்குக்குக்கூட இவ்வளவு மினக்கெட்டதில்லை என்று ஒருத்தி சொல்லிச் சிரித்தாள்.

அன்று காலை நான் போட்ட சத்தத்தில், நடு வாவியில் வலை இழுத்துக்கொண்டிருந்த தோணிக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் சொன்னவற்றில் பாதியை இந்தப் பத்திரிகையில் போடமாட்டார்கள்.

கொதிதண்ணி

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் இருபத்தெட்டு வருடம் பாடசாலைகளில் விளையாட்டு படிப்பித்தவள். பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டம் கொதிதண்ணி. அது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கோபம் எனக்கு மூக்குக்கு மேலே வரும் என்பதை நான் ஒருபோதும் மறைத்ததில்லை. மறைக்கிறவர்களின் கோபம் வேறு வழியாக வெளியே வரும், அது இன்னும் மோசம்.

ஓய்வு பெற்ற பிறகு, பெட்ரோல் வரிசைகள் எல்லாம் முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சுவிட்ட காலத்தில், ஒரு தொண்டு நிறுவனத்தின் செயற்றிட்டக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். வாவிக் கரையில் இருக்கிற பெண்களுக்கு நீச்சல் பழக்க வேண்டும் என்றார்கள். ஆரையம்பதியிலிருந்து தெற்கே போகிற வழியில் ஒரு ஊர். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் பக்கத்து ஊர்கள் எல்லாம் தப்பிவிடும்.

இருபத்து மூன்று பெண்கள் பெயர் கொடுத்தார்கள். புருசன்மார் தண்ணீரில் பிழைக்கிறவர்கள், மாமனார்மார் தண்ணீரில் பிழைத்தவர்கள். இவர்களோ இடுப்புக்கு மேல் தண்ணீர் வந்தால் கத்துகிறவர்கள். வாவியைப் பார்த்தபடி பிறந்து, வாவியைப் பார்த்தபடி சோறாக்கி, அதற்குள் ஒரு நாளும் தலையை வைக்காத பெண்கள். ஆண்பிள்ளை ஐந்து வயதில் இறங்குவான், பெண்பிள்ளைக்கு மீனைக் கழுவுகிற அளவு தண்ணீர் போதும். இதை நினைத்தாலே எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

நான்கே மாதத்தில் அவர்கள் நீந்தினார்கள். நீளக் காற்சட்டையும் தொளதொளத்த மேற்சட்டையும் போட்டுக்கொண்டு, கரையோரக் கண்டல் பற்றையிலிருந்து தண்ணீருக்குள் நட்டு வைத்த கம்பு வரைக்கும் போய் வந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் பாசிக்குடாப் பக்கத்து விடுதி ஒன்றிலிருந்து செய்தி வந்தது. சிறுவர் நீச்சல் தடாகத்தில் காவலுக்கு நிற்க இரண்டு பெண்கள் வேண்டும், நீந்திக் காட்டிச் சோதனையில் தேற வேண்டும். இரண்டே இரண்டு வேலை. எட்டுப் பேர் போட்டிக்கு ஆயத்தமானார்கள். அந்த எட்டுப் பேரில் கமலாவும் தவமணியும் இருந்தார்கள்.

மாமாவின் சிவப்புக் கடல்

கண்ணாடி ஏன் புகைகிறது என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டு எழுதியிருந்தார். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். முகத்தில் சூடு, உள்ளே வியர்வை, வெளியே குளிர்ந்த தண்ணீர். தேத்தண்ணிக் கோப்பைக்கு மேல் மூடி வைத்தால் மூடிக்குள் முத்து முத்தாகப் பிடிக்கிறதே, அதுதான் இங்கேயும். அந்த முத்துக்கள் தனித்தனியாக நிற்காமல் ஒரே படலமாகப் பரவிவிட்டால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். புதிய கண்ணாடிக்கு உள்ளே அதற்கென்று ஒரு பூச்சு பூசித்தான் தருகிறார்கள். அதில் விரல்கூடப் படக்கூடாது. சாம்பலும் தும்பும் பட்டால் என்ன ஆகும் என்று நான் எழுதித்தானா தெரிய வேண்டும்?

நாலு மாதம் பாவித்துப் பூச்சு மங்கினாலும், முழுதாகப் போய்விட்டாலும் எச்சில்தான் கதி. உள்ளே துப்பி, விரலால் மெதுவாகப் பூசி, தண்ணீரில் ஒரே ஒரு தரம் அமுக்கி எடுத்து, முகத்தையும் நனைத்துக்கொண்டு மாட்ட வேண்டும். துணியால் துடைக்கக் கூடாது.

இதை எனக்குக் காட்டியவர் கதிரவெளியில் இருந்த என் தாய்மாமா. அவர் சங்கு எடுக்கச் சுழியோடியவர். பெரிய முகக் கண்ணாடி ஒன்று வைத்திருந்தார், ரப்பர் எல்லாம் வெடித்தது. வெற்றிலை இல்லாமல் அவரால் ஒரு மணித்தியாலம் இருக்க ஏலாது. அதனால் அவர் துப்புகிற எச்சில் செக்கச் சிவப்பு. அதைப் பூசிக்கொண்டு இறங்கினால் கடல் எல்லாம் சிவப்பாகத் தெரியும் என்பார். மாமி அதைக் கேட்டுக்கொண்டு, சங்கும் சிவப்பு, மீனும் சிவப்பு, வீட்டுக்கு வந்தால் கண்ணும் சிவப்பு என்பாள். வெற்றிலைக்குப் பிறகு குடிக்கிற பழக்கமும் மாமாவுக்கு இருந்தது.

ஒரு நாள் அவர் துப்பிப் பூசிய அந்தக் கண்ணாடியை அப்படியே வாங்கி நான் மாட்டிக்கொண்டு இறங்கினேன். பன்னிரண்டு வயது இருக்கும். எனக்கு ஒரு அருவருப்பும் வரவில்லை. மாமாவின் எச்சில்தானே. எச்சிலிலும் நம்முடையது, பிறருடையது என்று இருப்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. எனக்கு யோசிக்க வேண்டிய தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

ஏன் கழுவினார்கள்

பாயடிக்கு வருகிறேன். கத்தி முடிந்து எனக்கு மூச்சு இளைத்தது. கமலா தன் போத்தலிலிருந்து இஞ்சித் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். கமலா அப்படிப்பட்டவள். காய்ச்சல் வந்து நான் படுத்திருந்தபோது மூன்று நாள் கஞ்சி கொண்டுவந்து தந்தவள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் இந்தக் கதையை நான் இவ்வளவு கோபத்தோடு எழுத வேண்டி இருந்திருக்காது.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நிதானமாகக் கேட்டேன். இத்தனை நாளும் தண்ணீரில் அலசித்தானே வைத்தீர்கள், நேற்று மட்டும் என்ன வந்தது?

ஒருத்தி தன் கால்விரலைப் பார்த்தாள். கமலாதான் என் பக்கத்தில் குந்தி, காதோடு சொன்னாள்.

"முந்தி எச்சில் போடல்லத்தானே டீச்சர். போன கிழமைதான் நீங்க துப்பச் சொன்னீங்க. எல்லாம் ஒரு வாளிக்குள்ள போட்டு எடுக்கிறது. அதில எது தவமணி போட்டது எண்டு எங்களுக்குத் தெரியா. அதான் எல்லாத்தையும் கழுவினம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன், தவமணிக்கு ஏதும் வருத்தமா, தொற்றுகிற நோயா என்று கேட்டேன். கமலா என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பது போல் பார்த்தாள். "அவட அப்பா ஆரெண்டு உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?" என்றாள்.

தெரியும். தவமணியின் தகப்பன் பறைமேளம் அடிக்கிறவர். வைகாசியில் அம்மனுக்குச் சடங்கு தொடங்கினால் அவர் மேளம் வேண்டும். செத்த வீட்டில் பாடை தூக்குமுன் அவர் மேளம் வேண்டும். அவர் தோளில் மேளத்தை மாட்டாவிட்டால் இந்த ஊரில் சாமியும் வெளிக்கிடாது, பிணமும் வெளிக்கிடாது. அவர் மகள் துப்பிய கண்ணாடி மட்டும் ஆகாது.

சாதியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால், ஓ அவர்களா என்று வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வசதியைச் செய்துதர எனக்கு மனம் இல்லை.

பன்னிரண்டு கண்ணாடி. அவள் மாட்டியது அதில் ஒன்று. அந்த ஒன்று எது என்று தெரியாததால் பன்னிரண்டையும் சாம்பலில் போட்டுத் தேய்த்து, பன்னிரண்டையும் குருடாக்கி, எட்டுப் பேரின் சோதனையையும் கெடுத்துவிட்டு, பெருமையோடு பாயில் அடுக்கி வைத்திருந்தார்கள். தங்கள் கண்ணைத் தாங்களே அவித்தாலும் பரவாயில்லை, அவள் எச்சில் படக்கூடாது.

நிமிர்ந்து பார்த்தேன். தவமணி இருபது அடி தள்ளி, தண்ணீர் ஓரத்தில் நின்று, மிதவைக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வாவிக் கரையில் காதோடு சொல்வது இருபது அடிக்கு நன்றாகக் கேட்கும். அவள் கயிற்றைச் சுருட்டி முடித்து, முடிச்சுப் போட்டு, கம்பில் மாட்டினாள்.

தவமணி வந்தாள்

நான் வீட்டுக்கு வந்து ஒரு திட்டம் போட்டேன். தொலைபேசியில் தவமணிக்குச் சொன்னேன். நாளைக்கு வகுப்பில் நீ உன் கண்ணாடியில் துப்பிப் பூசு, எல்லோரும் பார்க்க அதை நான் வாங்கி அப்படியே மாட்டிக்கொண்டு நீந்துகிறேன், பிறகு யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம். சொல்லிவிட்டு எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. மூடர்களைத் திருத்தப்போகிற ஆள் நான்.

மூன்று மணி போல் தவமணி வீட்டுக்கு வந்தாள். முப்பத்து நான்கு வயது, மெலிந்த உடம்பு, நீளக் கை. எட்டுப் பேரில் அவள்தான் நல்ல நீச்சல்காரி. புருசன் வேறு குடும்பத்தோடு போய்விட்டான். ஒரு மகள். நான் இருக்கச் சொன்னதும் கதிரையில் சாய்ந்து இருந்தாள். கூச்சப்படுகிற ஆள் இல்லை அவள்.

"நாளைக்கு அப்பிடிச் செய்யாதீங்க டீச்சர்," என்றாள்.

ஏன் என்று கேட்டேன். பயப்படாதே, நான் இருக்கிறேன் என்றும் சொன்னேன்.

"பயமில்ல. நீங்க எண்ட கண்ணாடியப் போட்டா உங்களப் பெரிய மனுசி எண்டு சொல்லுவாங்க. என்னை என்னெண்டு சொல்லுவாங்க? எண்ட எச்சில் ஒரு பாடமா டீச்சர்? அத வெச்சுப் படிப்பிக்கவா நான் வந்தன்? நான் நீந்தப் பழக வந்தன். எனக்கு அந்த வேலை வேணும். பாஸ்போட் எடுத்து வெச்சிரிக்கன். இது கிடைக்கல்லையெண்டா அடுத்த மாதம் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஏறணும். புள்ளைக்கு ஒன்பது வயசு. அவவ ஆரிட்ட விட்டுட்டுப் போற?"

எனக்கு வெட்கம் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. உனக்காகத்தானே பேசுகிறேன், உனக்கு ரோசம் இல்லையா என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வியை இன்று வரைக்கும் என்னால் திரும்ப விழுங்க முடியவில்லை.

அவள் கதிரையில் நிமிர்ந்தாள். "ரோசம் எனக்கு நிறைய இரிக்கி டீச்சர். அத எங்க செலவழிக்கிற எண்டு நான் பாத்துக்கொள்ளுவன்," என்றாள். பிறகு, சோதனை முடியும் மட்டும் இதைப் பற்றி வாய் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தேன். நானாவது, வாய் திறக்காமல் இருப்பதாவது! ஆனால் செய்தேன்.

பாரம்பரிய அறிவு

கண்ணாடிகள் புகைந்தபடியே இருந்தன. எச்சில் என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. குழந்தைப்பிள்ளைக்குப் போடுகிற ஷாம்பு வாங்கிப் பூசிப் பார்த்தோம். தேய்ந்த கண்ணாடியில் அது பத்து நிமிடம்கூட நிற்கவில்லை, கண்ணும் எரிந்தது. பற்பசை பூசிப் பார்த்தோம், இன்னும் கீறியது. புதிது வாங்கித் தாருங்கள் என்று செயற்றிட்ட இணைப்பாளர் தம்பியிடம் கேட்டேன். அடுத்த வருட ஒதுக்கீட்டில் பார்ப்போம் என்றார்.

நான்காம் நாள் கமலா ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தோடு வந்தாள். உள்ளே பச்சையாக, கொழகொழவென்று ஏதோ. செவ்வரத்தை, அதாவது செம்பருத்தி இலை. பெண்கள் தலைக்கு வைத்து முழுகுகிற அதே இலைதான், கசக்கிப் பிழிந்து வடித்திருந்தாள். அதைக் கண்ணாடிக்குள் ஒரு சொட்டு விட்டுப் பூசி, தண்ணீரில் ஒரு தரம் அமுக்கி மாட்டிக்கொண்டு நீந்தினாள். அரை மணித்தியாலம் புகையவே இல்லை.

"இனி எச்சில் தேவையில்ல டீச்சர்," என்றாள் சந்தோசமாக.

நான் மாட்டிப் பார்த்தேன். எச்சிலைவிட நன்றாக இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? அது வேலை செய்யாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஒரு மனுசியைத் தள்ளி வைக்க வேண்டும் என்ற நினைப்பில் இருந்து இவ்வளவு நல்ல மருந்து பிறக்கலாமா? பிறந்துவிட்டது. கழுவுகிற மூளையை இவர்கள் வேறு எதற்காவது பாவித்தால் இந்த ஊர் எங்கேயோ போயிருக்கும்.

இணைப்பாளர் தம்பி கேள்விப்பட்டு ஓடி வந்தார். பெண்களை வரிசையாக நிற்கவைத்து, கமலாவின் கையில் கிண்ணத்தைக் கொடுத்து, படம் எடுக்க வேண்டும் என்றார். அறிக்கையில் போடுவாராம். தலைப்பும் யோசித்துவிட்டார், மட்டக்களப்புப் பெண்களின் பாரம்பரிய அறிவு. நான் சத்தியத்தை நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவரும் படத்தில் நிற்க ஆசைப்பட்டதால் தொலைபேசியைத் தவமணியிடம் கொடுத்தார். கொஞ்சம் நெருங்கி நில்லுங்கள் என்று சொல்லி, அந்தப் படத்தை எடுத்தவள் தவமணி.

சோதனை நாள்

விடுதித் தடாகத்தின் தண்ணீர் மருந்து போட்ட நீலம். எங்கள் பெண்கள் அப்படியொரு தண்ணீரைப் பார்த்ததில்லை. அடி தெரிகிறதே என்று ஒருத்தி பயந்தாள். வாவியில் அடி தெரியாததுதான் அவளுக்குத் தைரியம்.

முகாமையாளர் சிங்களவர், கொஞ்சம் தமிழ் பேசுவார். அவர் கண்ணுக்கு எட்டுப் பேரும் எட்டு நீச்சல்காரிகள்தான். நான்கு தரம் போய் வர வேண்டும், பிறகு அடியில் போட்டிருக்கிற ஏழு வளையங்களையும் பொறுக்கி வர வேண்டும். முதல் இரண்டு பேருக்கு வேலை.

கிண்ணம் வெளியே வந்தது. ஒவ்வொருத்தியாக விரலை விட்டுத் தொட்டுத் தன் கண்ணாடிக்குள் பூசினார்கள். தவமணியின் முறை வந்தபோது அவள் கையை நீட்டினாள். கமலா கிண்ணத்தைச் சட்டென்று நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். பிறகு ஒரு இலையை மடித்து, அதில் கொஞ்சம் கோரி, "புடி புள்ள," என்று சொல்லி, ஒரு சாண் உயரத்திலிருந்து தவமணியின் கண்ணாடிக்குள் விட்டாள். அன்பாகத்தான் விட்டாள். ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை.

என் கையில் இருந்த துவாயை நான் முறுக்கிய முறுக்கில் அதன் ஓரம் கிழிந்தது. தவமணி என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அவள் நீந்தியதைப் பற்றி என்ன எழுத? சத்தமே இல்லை. மற்றவர்கள் மூன்றாவது தரம் திரும்பும்போது அவள் முடித்துவிட்டாள். வளையங்களை ஒரே மூச்சில் ஏழையும் எடுத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடி புகையவே இல்லை என்று பிறகு சொன்னாள். அவளுக்கு அடுத்ததாக முடித்தவள் கமலா, ஏழு வளையத்துக்கும் மூன்று மூச்சு.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். முகாமையாளர் சட்டைப் பையிலிருந்து ஒரு விசிலை எடுத்தார். சிவப்புக் கயிறு கட்டிய புது விசில். காவலுக்கு நிற்கிறவர்கள் ஊதிப் பழக வேண்டும், தடாகத்தின் மறுகரைக்குக் கேட்க வேண்டும் என்றார். முதலில் வந்தவளிடம் கொடுத்தார். தவமணி வாயில் வைத்து ஊதினாள். மறுகரையில் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்த வெள்ளைக்காரர் எழும்பிப் பார்த்தார்.

"குட். இப்ப அவங்க," என்றார் முகாமையாளர்.

தவமணி விசிலைக் கமலாவிடம் நீட்டினாள்.

கமலா கயிற்றைப் பிடித்து வாங்கினாள். விசில் அந்தரத்தில் தொங்கியது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவளோடு சேர்ந்து கண்ணாடி கழுவிய பெண்களும் பார்த்தார்கள். கமலா என்னைப் பார்த்தாள். என் காய்ச்சலுக்குக் கஞ்சி தந்த கமலா. நான் ஒன்றும் பேசவில்லை, என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த மிக நீண்ட நேரம் அதுதான்.

"ஊதுங்க அக்கா. அவர் நிக்கிறார்," என்றாள் தவமணி.

கமலா சட்டைக் கையில் விசிலைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். உதட்டு நுனியில் பட்டும் படாமலும் வைத்து ஊதினாள். வெறும் காற்றுத்தான் வந்தது. முகாமையாளர் தலையை ஆட்டி, இன்னொரு தரம் என்றார். அவர் கையில் இருந்த பெயர்ப் பட்டியலை அடுத்தவளின் பெயரைத் தேடுவது போல் திருப்பினார்.

அப்போது கமலா கண்ணை மூடிக்கொண்டு, விசிலை முழுசாக வாய்க்குள் வைத்து ஊதினாள். நன்றாகக் கேட்டது.

வானில்

இரண்டு பேருக்கும் வேலை. திங்கட்கிழமை வரச் சொன்னார். ஒரே விசில், மாறி மாறி நிற்க வேண்டும். தவமணி வெளியே வந்து மகளுக்குத் தொலைபேசி எடுத்து, நான் போகமாட்டன், நான் எங்கயும் போகமாட்டன் என்று இரண்டு தரம் சொன்னாள். குரல் உடைந்ததைக் காட்டாமல் சட்டென்று வைத்துவிட்டாள்.

திரும்பும் வழியில் வான் வண்டியில் நான் முன்னால், சாரதிக்குப் பக்கத்தில் இருந்தேன். எனக்குப் பின்னால் ஜன்னலோரம் கமலா. அவளுக்குப் பின்னால், அதே ஜன்னலோரம், தவமணி. வாழைச்சேனையைத் தாண்டியதும் பின்னால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கமலா ஒன்றரை லீற்றர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்து, தலையை வெளியே நீட்டித் துப்பினாள். மறுபடி எடுத்தாள், கொப்பளித்தாள், துப்பினாள். மூன்று, நான்கு, ஐந்து. மற்றப் பெண்கள் எங்கேயோ பார்த்தார்கள்.

சோதனை முடிந்துவிட்டது. என் சத்தியமும் முடிந்துவிட்டது. நான்கு கிழமையாக அடக்கி வைத்த எல்லாம் என் தொண்டைக்கு வந்தது. வானை நிறுத்தச் சொல்லி, நடுறோட்டில் வைத்துக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

தவமணி முந்திக்கொண்டாள். ஓடுகிற வானின் காற்றில் கமலா துப்பியது முழுக்கப் பின் ஜன்னலுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அவள் கன்னமும் கழுத்தும் நனைந்திருந்தன. புறங்கையால் ஒரு தரம் துடைத்தாள்.

"அக்கா," என்றாள், "உங்கட எச்சில் எண்ட முகத்தில படுது."

சொல்லிவிட்டு எட்டிக் கையை நீட்டி, கமலாவின் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாள். கொளுவியையும் போட்டு, அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டாள்.

கமலா அடுத்த வாய்த் தண்ணீரை அப்போதுதான் எடுத்திருந்தாள். இரண்டு கன்னமும் உப்பியபடி எங்களைப் பார்த்தாள். வானுக்குள் துப்ப ஏலாது, போத்தலுக்குள் துப்பினால் மிச்சத் தண்ணீரும் எச்சிலாகிவிடும். வானை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்றால் வாயைத் திறக்க வேண்டும். யாராவது ஏதாவது செய்வார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் என்னைப் பார்த்தாள்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கமலா விழுங்கினாள்.